கடனுக்குக் கையொப்பமிடும் முன் கணனிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

யுத்தத்திற்குப் பின்னர் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேசும்போது கோழி வளர்ப்பு, தையல், வீட்டுத்தோட்டம், மிளகாய்த்தூள் இடித்துப் பொதி செய்தல் என்பனவே பெரும்பாலும் எமது நினைவுக்கு வருகின்றன. உதவித் திட்டங்களின் படிவங்களிலும் இவையே முதலில் நிற்கும். ஆனால் நான் களப்பணிக்காகச் சென்றுவரும் வன்னிக் கிராமங்களில் இன்னொரு தொழிலும் சத்தமில்லாமல் நடந்து வருகின்றது. வீட்டின் முன் விறாந்தையில் ஒரு மேசை. மேசையில் ஒரு பழைய கணனியும் ஒரு பிறின்டரும். படலையில் 'தட்டச்சு, போட்டோக் கொப்பி' என்று கையால் எழுதிக் கட்டிய ஒரு மட்டை. அஸ்வெசும மேன்முறையீடு, காணிக் கடிதம், பிள்ளைகளின் பாடசாலை ஒப்படை, பரீட்சைப் பெறுபேற்றின் பிரதி, காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய பத்தாவது முறைப்பாடு என்பனவெல்லாம் அந்த மேசையிலிருந்துதான் வெளியே போகின்றன.

இந்த மேசைகளின் பின்னால் பல இடங்களில் பெண்களே இருக்கின்றார்கள். கணனியில் வேலை செய்ய நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் கணனியின் பெட்டியை ஒரு நாளும் திறந்து பாராதவர்கள். தட்டச்சு பெண்ணுக்கு, ஸ்குறூ டிறைவர் ஆணுக்கு என்ற பால்நிலைப் பிரிப்பு இந்தச் சின்ன மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. இதனை நான் சமூகவியல் பாடத்தில் படித்த விடயமாக மட்டும் சொல்லவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், 1990களில், டோர்ச் பற்றரிகூட வடக்கிற்கு வராதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ வயரை வானொலியில் கொழுவிச் செய்தி கேட்ட வீடுகள் எமது வீடுகள். எந்த வயரை எங்கே கொழுவ வேண்டும் என்று அன்று அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் தெரிந்திருந்தது. அதே கைகளுக்கு இன்று நான்கு ஸ்குறூவைக் கழற்றப் பயமாக இருக்கின்றது.

பயத்திற்கு ஒரு விலை உண்டு. கணனி மெதுவானால், அல்லது ஒரு நாள் எழும்பாமல் விட்டால், அதைத் தூக்கிக் கொண்டு நகரத்துக் கடைக்குப் போகின்றோம். "இது பழசு அக்கா, இனி சரிவராது, புதுசா ஒண்டு எடுங்கோ" என்ற பதில் வருகின்றது. சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில் அது விற்பனை. 2022இல் ரூபா விழுந்தபோது ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியதை எல்லோரும் அறிவோம். கணனி உறுப்புகள் யாவும் இறக்குமதிப் பொருட்களே என்பதால் அன்று ஏறிய விலைகள் பழைய இடத்திற்கு இறங்கவில்லை. ஆகவே 'புதுசு' என்ற சொல்லின் பின்னால் பெரும்பாலும் ஒரு கடன் நிற்கின்றது. நுண்கடன் என்றால் என்ன, வாராவாரம் வாசலில் வந்து நிற்பது யார் என்பதெல்லாம் இந்த இதழின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு வீட்டில் நடந்தது

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி இருக்கின்றார். பெயர் வேண்டாம். கணவரை 2009இல் பறிகொடுத்து, மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். 2014இல் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணனியை வாங்கித் தொழிலைத் தொடங்கினார். 2025 ஆவணியில் நான் போனபோது ஒரு கடன் படிவத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். பிணையாளியாக இரண்டு பேரைப் பிடித்தும் விட்டார்.

"தங்கச்சி, இது எழும்பவே பத்து நிமிசம். அதுக்குள்ள வந்த ஆக்கள் மற்றக் கடைக்குப் போயிடுதுகள். இன்டர்நெற்றும் வேலை செய்யுதில்லை. ரீலோட் போட்டும் பாத்திட்டன். கடைக்காரத் தம்பி சொல்லுறான் ஒக்டோபரோட விண்டோஸ் 10 முடியுதாம், இந்தப் பெட்டிக்குப் 11 ஏறாதாம். ஒண்டரை லட்சம் வரும் எண்டான்."

மூன்று முறைப்பாடுகள் ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மெதுவாக இருக்கின்றது, இணையம் இல்லை, விண்டோஸ் முடிகின்றது. மூன்றுக்கும் ஒரே மருந்து புதுக் கணனி என்று சொல்லப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் தலையிடி, வயிற்றுக்குத்து, கால்வீக்கம் மூன்றையும் சொன்னால் ஒரு நல்ல வைத்தியர் ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார். நாங்களும் அப்படியே பார்த்தோம்.

முதலில் இணையம். திரையின் மூலையில் திகதியைப் பார்த்தேன். 2011 ஜனவரி 1 என்று இருந்தது.

கணனியின் மதர்போர்டில் ஒரு ரூபாக் குற்றியைப் போல ஒரு வட்டப் பற்றரி இருக்கும். சி.ஆர்.2032 என்று அதில் எழுதியிருக்கும், 3 வோல்ற். கரண்ட் இல்லாத நேரத்திலும் திகதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பதற்காகவே அது இருக்கின்றது. சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். இந்தச் சகோதரி இடிமின்னலுக்குப் பயந்து ஒவ்வொரு இரவும் சுவர் சுவிச்சையும் நிறுத்திவிடுவார். அது நல்ல பழக்கம். ஆனால் பற்றரி தீர்ந்திருந்தபடியால் ஒவ்வொரு காலையும் கணனி 2011ஆம் ஆண்டில் கண் விழித்தது. இன்றைய இணையத்தளங்கள் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் திறக்கும். சோதனைச் சாவடியில் நாங்கள் காட்டிய பாஸைப் போல அதற்கும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. 2011இல் நிற்கும் கணனிக்கு அந்தத் திகதி இன்னும் வரவில்லை. ஆகவே நம்ப மறுத்து, பாதுகாப்பற்ற தளம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். திகதியைக் கையால் திருத்தியவுடன் மின்னஞ்சல் திறந்தது. அடுத்த வாரம் சில நூறு ரூபாவுக்குள் ஒரு பற்றரி வாங்கிப் போட்டோம். அவர் ரீலோட்டுக்குக் கட்டிய காசு அதைவிடக் கூட.

அடுத்தது வேகம். கொன்ட்ரோல், சிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' என்ற பலகை திறக்கும். அதில் புரொசசர், மெமரி, டிஸ்க் என்று தனித்தனி நிரைகளில் எது எத்தனை வீதம் வேலை செய்கின்றது என்று காட்டும். கணனி மூச்சு முட்டும்போது இந்தப் பலகையைத் திறந்து எந்த நிரை 100இல் நிற்கின்றது என்று பாருங்கள். அதுதான் நோயாளி. இங்கே புரொசசர் 15, 20 என்று சும்மா இருந்தது. மெமரி 85. டிஸ்க் 100இல் அசையாமல் நின்றது. காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டபோது உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். வன்தட்டு சாகப் போகின்றது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

முதலில் பிரதி எடுங்கள்

உறுப்பு மாற்றுவது பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றார்கள். எமது பெண்களின் கணனிகளைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான இடம் என்பது எனது அபிப்பிராயம். கணனி போனால் கடன்பட்டாவது இன்னொன்று வாங்கலாம்.

இந்தச் சகோதரியின் வன்தட்டில் 'வீடு' என்று ஒரு கோப்புறை இருந்தது. கணவருடைய அடையாள அட்டையின் பிரதி, பதிவுத் திருமணச் சான்றிதழ், இரண்டு புகைப்படங்கள். மூலப் பிரதிகளில் சில இடம்பெயர்வில் தொலைந்தன, மிச்சத்தைக் கறையான் அரித்தது. அயலவர்கள் முறைப்பாடுகளுக்காகக் கொண்டுவந்து ஸ்கான் செய்த படங்களும் கடிதங்களும் அதே தட்டில் ஆட்களின் பெயர்ப்படி இருந்தன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் காணாமல் போனோர் பற்றிய ஆணைக்குழு, பின்னர் 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு முறையும் அதே தாய்மார் அதே படத்துடன் வந்திருக்கின்றார்கள். ஒரு கிராமத்தின் ஆவணக் காப்பகம் டிக், டிக் என்று சத்தமிடும் ஒரு தட்டில் இருந்தது. பெட்டியைக் கடையில் கொடுத்திருந்தால் 'போர்மட்' செய்து திருப்பித் தந்திருப்பார்கள். கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அன்று வேறு வேலை செய்யவில்லை. எமது அலுவலகத்தில் இருந்த வெளிவாரித் தட்டு ஒன்றை இரவல் வாங்கி, அந்தக் கோப்புறைகளை முதலில் பிரதி செய்தோம். முக்கியமானவற்றை முதலில், பாட்டும் படமும் கடைசியில். நோயாளித் தட்டு எந்த நிமிடத்திலும் நின்றுவிடலாம் என்பதால் இந்த ஒழுங்கு அவசியம். பிறகு அதையே ஒரு பென் டிறைவிலும் இட்டோம். ஒரே பொருளில் மட்டும் இருக்கும் பிரதியைப் பிரதி என்று நான் கணக்கெடுப்பதில்லை. அயலவரின் ஆவணங்களும் அதில் இருப்பதால் அந்தப் பென் டிறைவ் யாரிடம் இருக்கின்றது என்பதும் ஒரு விடயம். அலுமாரிக்குள் பூட்டி வைத்தார்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் பிரதி எடுக்க வேண்டும். விண்டோஸை மீள நிறுவியதும் பாமினி காணாமல் போய்விடும். பத்து வருடக் கடிதங்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கின்றார்கள். பழுது ஒன்றும் இல்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'பொன்ற்ஸ்' என்ற இடத்திலிருந்து பாமினியை முன்னரே எடுத்து வைத்து, பிறகு திரும்ப நிறுவினால் கடிதங்கள் தமிழுக்குத் திரும்பிவிடும்.

எதை வாங்குவது, எதை விடுவது

டாஸ்க் மனேஜர் காட்டியபடி எமக்குத் தேவைப்பட்டவை இரண்டு. வன்தட்டுக்குப் பதிலாக ஓர் எஸ்.எஸ்.டி., இன்னும் கொஞ்சம் றாம்.

பழைய வன்தட்டுக்குள் தகடு சுழல, ஓர் ஊசிக்கை அதன் மேல் ஓடித் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. பென் டிறைவைப் போல முழுவதும் சில்லுகளே. அதனால்தான் பழைய கணனிக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை. தட்டச்சுத் தொழிலுக்கு 240 அல்லது 256 ஜீ.பி. தாராளம். வாங்கும்போது 'சாட்டா', இரண்டரை அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள். என்.வி.எம்.ஈ. என்று சூயிங்கம் துண்டைப் போல ஒன்றைக் காட்டி இதுதான் வேகம் என்பார்கள். வேகம்தான், ஆனால் பழைய மதர்போர்டில் அதைச் செருக இடமிருக்காது.

றாமில் அளவைவிட வகைதான் ஆட்களை விழுத்துகின்றது. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. கீழே இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தி ஏற்றப் பார்த்தால் மதர்போர்டும் சேர்ந்து போய்விடும். மடிக்கணனிக்கான றாம் நீளத்தில் பாதிதான், அதுவும் சரிவராது. நிச்சயமான வழி, பழைய றாமைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டு போவது. சகோதரியுடையது டி.டி.ஆர்.3, 4 ஜீ.பி. இன்னொரு 4 சேர்த்து 8 ஆக்கினோம். அதற்கு மேல் அவருடைய வேலைக்குத் தேவையில்லை.

கடையில் எஸ்.எஸ்.டி. கேட்டபோது புதிய புரொசசர், மதர்போர்ட், கிராபிக்ஸ் காட், பெரிய பவர் சப்ளை என்று ஒரு பட்டியல் வந்தது. புரொசசரை மாற்றினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், மதர்போர்டை மாற்றினால் றாமை மாற்ற வேண்டும். ஒரு நூலை இழுத்தால் சட்டையே கழன்று வருவதைப் போன்றது அது. கிராபிக்ஸ் காட் விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் உரியது, கடிதம் தட்டச்சு செய்ய அது எதற்கு?

அந்தக் கடையில் பில் எழுதும் இடத்தில் நின்ற பெண் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இளைஞர்கள் மூவர் பெட்டிகளைக் கழற்றிக் கொண்டிருந்தார்கள். நாங்கள் பட்டியலைப் பார்த்துத் தயங்கியபோது இவர் மெதுவாக, "உங்களுக்கு எஸ்.எஸ்.டி.யும் றாமும் காணும் அக்கா" என்றார். கதைத்துப் பார்த்ததில் கணனி வன்பொருளில் என்.வி.கியூ. 4ஆம் மட்டம் முடித்தவர். தகைமை இருந்தும் ஏன் பில் எழுதுகின்றார் என்று கேட்டேன். "ஆக்கள் பொம்பிளைப் பிள்ளையிட்டைத் திருத்தக் குடுக்க யோசிப்பினமாம்" என்று சிரித்தார். கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தேவைப்படாத அளவுக்கு இது எங்கும் உள்ள நிலை.

பூட்டியபின் எழும்பாவிட்டால்

பெட்டியைத் திறப்பதற்கு ஒரு நட்சத்திர ஸ்குறூ டிறைவர் போதும். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள், சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. பிறகு கணனியின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தினால் மிச்சக் கரண்ட் வெளியேறும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் பெயின்ற் பூசாத இரும்பைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின் றாமைக் கொன்றுவிடக் கூடியது. நைலோன் சேலையோடு பாயில் இருந்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம். திறந்ததும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள், எந்த வயர் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

ஒரேயொரு பெட்டியை மட்டும் எவரும் திறக்கக் கூடாது. பின்பக்கம் விசிறியுடன் இருக்கும் பவர் சப்ளை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின் தங்கியிருக்கும். பழுதென்றால் முழுதாக மாற்றுவதே முறை. சாதாரண அலுவலக வேலைக்கு உண்மையான 300 வாற் போதும். 'உண்மையான' என்று சொல்லக் காரணம், மலிவுப் பெட்டிகளில் 500 என்று ஒட்டியிருப்பதெல்லாம் 500 அல்ல. அலுவலகங்களிலிருந்து கழிந்து வந்த சிறிய பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் கொழுவியும் வேறு மாதிரி இருக்கும். அதனையும் கழற்றிக் கையோடு கொண்டு போய் ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

இந்தச் சகோதரியின் பெட்டிக்குள் பதினொரு வருடத்துச் செம்மண் தூசும் ஒரு பல்லி முட்டையும் இருந்தன. மெல்லிய பெயின்ற் தூரிகையால் தட்டி எடுத்தார். மதர்போர்டில் சிறு உருளைகள் சில நிற்கும். அவற்றின் தலை வீங்கியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அந்த மதர்போர்டில் புதிதாகக் காசு போடாதீர்கள். இங்கே எல்லாம் தட்டையாக இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் வாங்கிய பொருட்களின் உறையைப் பிரித்தோம்.

பழையதைக் கழற்றி, எஸ்.எஸ்.டி.யைப் பூட்டி, றாமையும் ஏற்றிப் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பு. நீளமாகப் 'பீப்' என்ற சத்தம், திரும்பத் திரும்ப. அவருடைய முகம் வாடிவிட்டது. "நான் தொட்டுத்தான் பழுதாப் போச்சு" என்றார்.

கணனியின் சத்தம் கோபமல்ல, தகவல். திரை வருவதற்கு முன்னரே ஏதோ ஓர் உறுப்பு பதில் சொல்லவில்லை என்பதைத் தன்னால் முடிந்த ஒரே மொழியில் சொல்கின்றது. றாமைத் தொட்ட பிறகு நீளமாகப் பீப் வந்தால் றாமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த இடத்தில் கைபடிய வேண்டிய பழக்கம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. நான்கைந்தை ஒன்றாகக் கழற்றி மாட்டி அது எழும்பினாலும், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். புதிய றாமை எடுத்துவிட்டுப் பழையதோடு மட்டும் போட்டோம். எழும்பியது. அப்படியென்றால் நாம் எதையும் கெடுக்கவில்லை. பழையதை எடுத்துப் புதியதை மட்டும் போட்டோம். பீப். உற்றுப் பார்த்தால் ஒரு பக்கக் கொழுக்கி மூடவில்லை. றாமை நேராக வைத்து இரண்டு பெருவிரல்களாலும் அழுத்த வேண்டும், இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும் வரை. பலருக்கு அந்த அழுத்தத்தைக் கொடுக்கவே மனம் வராது. கழற்றி, பொன் நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாக உரசி, தூசைத் துடைத்துத் திரும்ப ஏற்றினார். எழும்பியது. பிறகு இரண்டையும் சேர்த்தார். 8 ஜீ.பி. என்று காட்டியது.

அடுத்து எஸ்.எஸ்.டி. தெரியவில்லை. இப்போது அவரே, "வயரைப் பாப்பம் தங்கச்சி" என்றார். எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு வயர்கள், ஒன்று கரண்டுக்கு, மற்றது தரவுக்கு. தரவு வயரின் தலை தளர்ந்திருந்தது. எவரும் பாவிக்காத டி.வி.டி. டிறைவின் வயரைக் கழற்றி இதற்குக் கொழுவினோம். செலவில்லை. பிறகு பென் டிறைவிலிருந்து விண்டோஸை நிறுவினோம். உரிமமுள்ள விண்டோஸ் 10 மதர்போர்டோடு சேர்த்தே பதிவாகியிருக்கும் என்பதால் தட்டை மாற்றியதற்காக மறுபடியும் காசு கட்டத் தேவையிருக்கவில்லை.

பத்து நிமிடம் எடுத்த பெட்டி அரை நிமிடத்திற்குள் திறந்தது. அவர் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தார். கடன் படிவம் அன்று பின்னேரம் அடுப்படிக்குப் போனது. நிரப்பிய படிவத்தில் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருந்ததால் எரிப்பதுதான் நல்லது என்று நானும் சொன்னேன்.

வேறு வகையான நோய்களும் உண்டு. எழும்பி வேலை செய்து கொண்டிருக்கையில் தானாக நின்று போனால் சூடு அல்லது பவர் சப்ளை. முதலில் தூசைத் தட்டி, புரொசசரின் மேலுள்ள விசிறி சுற்றுகின்றதா என்று பாருங்கள். அந்த விசிறித் தொகுதியைத் தேவையின்றிக் கழற்ற வேண்டாம், கழற்றினால் அடியிலுள்ள வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பொத்தானை அழுத்தியும் விளக்கே எரியாவிட்டால் சுவர்த் துவாரத்தில் கைத்தொலைபேசிச் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பெட்டி ஓடுகின்றது, திரை மட்டும் இல்லை என்றால் மொனிட்டர் வயரின் இரு தலையையும் பாருங்கள். சொல்லச் சிரிப்பாக இருக்கும். கடைக்கு வரும் பெட்டிகளில் வயர் கழன்றதும் ஒன்று என்று அந்த பில் எழுதும் பிள்ளையே சொன்னார்.

மிச்சம் இருக்கும் கேள்வி

மூன்றாவது முறைப்பாட்டில் கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றன. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு என்று மைக்ரோசொவ்ற் அறிவித்தது. விண்டோஸ் 11 உத்தியோகபூர்வமாக ஏறுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைப் புரொசசரும் வேண்டும். தலைமுறையைப் பெயரிலேயே வாசிக்கலாம். ஐ5-2400 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 2, இரண்டாம் தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. 'ஐ5' என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் கோட்டுக்குப் பின்னால் என்ன என்று கேளுங்கள். பாவித்த கணனி வாங்க இருக்கும் சகோதரிகளுக்கு இந்த ஓர் எண் பல ஆயிரம் ரூபாவைக் காப்பாற்றும்.

இந்தச் சகோதரியுடையது ஐ5-2400. நீடிப்புக் காலத்தைப் பாவித்துக் கொண்டு அவர் சீட்டுப் பிடிக்கின்றார், 8ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்றுக்கு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் நான் காட்டினேன். பழைய பெட்டியில் நன்றாகவே ஓடும், பாமினியும் ஏறும். ஆனால் அவருடைய பழைய பிறின்டரும் ஸ்கானரும் அதில் ஒத்துழைக்குமா என்பதைப் பென் டிறைவிலிருந்து ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்கலாம் என்றார். சரியான எச்சரிக்கை. இப்போது வாங்கிய எஸ்.எஸ்.டி. புதிய பெட்டிக்கும் போகும். டி.டி.ஆர்.3 றாம் போகாது.

டிக், டிக் என்ற பழைய தட்டை எறியவில்லை. மேலே திகதி எழுதி, பென் டிறைவ் இருக்கும் அதே அலுமாரியில் வைத்திருக்கின்றார். அதிலிருப்பது அயலவர்களின் படங்களும் என்பதால் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை.

கடைசியாக யூ.பி.எஸ். கரண்ட் நின்றவுடன் கணனியும் நின்றால் யூ.பி.எஸ். பழுதென்று புதிது வாங்குகின்றோம். பெரும்பாலும் உள்ளேயிருக்கும் பற்றரிதான் தீர்ந்திருக்கும், இரண்டு மூன்று வருடத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டியது அது. லேசர் பிறின்டரை ஒருபோதும் யூ.பி.எஸ்.ஸில் கொழுவ வேண்டாம். சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது. சகோதரியின் வீட்டில் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொழுவியிருந்தன. பிறின்டரைச் சுவருக்கு மாற்றினோம். பற்றரி இந்த மாதச் செலவு. 12 வோல்ற், 7 அம்பியர் மணி என்று பழையதில் பார்த்து, றாமின் வகையும் எஸ்.எஸ்.டி. வாங்கிய திகதியும் எழுதிய அதே கொப்பியில் குறித்து வைத்திருக்கின்றார்.